பழைய ஸ்போர்ட்ஸ் காரை இடுப்பு நோகாமல் ஓட்ட

எங்கள் வீடு வடசென்னையில், தண்டையார்பேட்டையில். கார் 2006-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இரண்டே இருக்கை, துணிக்கூரை, மூன்று பேர் கைமாறி என்னிடம் வந்தது. வாங்கிய வாரமே அம்மாவை உட்காரவைத்துத் திருவொற்றியூர் கோயிலுக்குப் போய்வந்தேன். இறங்கியதும் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "மீன்பாடி வண்டியில் போயிருந்தால்கூட இவ்வளவு குலுங்கியிருக்காதே" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக அடுத்த ஒன்றரை ஆண்டு செலவு செய்தேன். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்று தெரியாததால் பாதிப் பணம் வீணானது. இதே வகைக் காரைப் புதிதாக வாங்கியிருப்பவர்களுக்காக அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்ள வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார் பிறவியிலேயே கெட்டி. அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் கெட்டித்தனம் வேறு, கிழத்தனம் வேறு. நல்ல நிலையில் இருக்கும் கெட்டியான கார் ஒரு மேட்டில் ஏறி இறங்கினால், மேடு இருந்தது உங்களுக்குத் தெரியும். ஒரே அசைவில் முடிந்துவிடும், சத்தம் இருக்காது. கிழடுதட்டிய கார் அதே மேட்டில் டக்கென்று அடிக்கும், பிறகு இரண்டு முறை ஆடும், டாஷ்போர்டுக்குள் ஏதோ கிலுகிலுக்கும். புதிதாக வாங்கியவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, "ஸ்போர்ட்ஸ் கார் என்றால் இப்படித்தான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். என் காரில் இருந்த தொல்லையில் முக்கால் பங்கு கிழத்தனம்தான். அதற்கு மருந்து உண்டு.

ஒரே சாலை, ஒரே வேகம்

பணத்தைத் தொடும் முன் ஒரு நோட்டை எடுங்கள். தினமும் போகும் சாலையில் ஐந்தாறு கிலோமீட்டரைத் தேர்ந்தெடுத்து, விடியற்காலையில், கண்ணாடிகளை ஏற்றி, பாட்டை நிறுத்தி, ஒரே வேகத்தில் ஓட்டுங்கள். நான் எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டேன். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் அங்கே தாரை அழுத்தி அழுத்தி, சிக்னலுக்கு முன்னால் அலை அலையாகச் சுருட்டி வைத்திருக்கும். சோதனைக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. லாரி வரிசை நிற்காத நேரமாகப் பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான்.

காதில் விழுவதை அப்படியே எழுதுங்கள். சின்ன விளிம்புகளில் முன்பக்கம் டக்டக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் பெரும்பாலும் அடியில் உள்ள இணைப்புகளான லிங்க் ராடு, பால் ஜாயிண்ட், அல்லது ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரைக் காரின் உடலோடு பிடித்திருக்கும் மேல் மவுண்ட். பெரிய பள்ளத்தில் மட்டும் முதுகெலும்பு வரை ஏறும் ஒரே அடி என்றால் சஸ்பென்ஷன் (சக்கரத்தின் மேல் காரைத் தாங்கும் ஸ்பிரிங், ஷாக் அமைப்பு) கடைசிவரை அமுங்கி முட்டுகிறது. மேட்டைத் தாண்டிய பிறகும் காரின் மூக்கு ஆடினால் ஷாக் அப்சார்பர் தளர்ந்துவிட்டது. வேகம் ஏற ஏற ஒரு ரீங்காரமும் கூடினால் டயர் அல்லது வீல் பேரிங். எண்பது, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கினால் வீல் பேலன்ஸ் (சக்கரத்தின் எடைச் சமநிலை) அல்லது நெளிந்த ரிம். இந்தக் குறிப்போடு பட்டறைக்குப் போனால் உங்கள் மெக்கானிக்கும் மதித்துப் பேசுவார். "வண்டி தூக்கித் தூக்கிப் போடுகிறது" என்று மட்டும் சொன்னால் நான்கு ஷாக்கையும் மாற்றச் சொல்வார். எனக்கு அதுதான் நடந்தது.

காற்று

ஷாக் மாற்றியும் காரின் குணம் அரைகுறையாகவே மாறியது. அப்போதுதான் கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் வயதான மெக்கானிக் ஒருவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் காரைத் தூக்கவில்லை, பானட்டைத் திறக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து பேனா அளவில் ஒரு காற்றுமானியை எடுத்து, முன் டயரின் வால்வில் அழுத்தினார். 41. மறுபக்கம் 40. ஓட்டுநர் கதவைத் திறந்து, தூண் ஓரத்தில் ஒட்டியிருந்த பட்டையை விரலால் துடைத்துக் காட்டினார். அதில் முன் டயரின் காற்றழுத்தம் 32 பிஎஸ்ஐ என்று இருந்தது.

"தம்பி, காரைத் திட்டாதீர்கள். முதலில் காற்றை இறக்குங்கள்" என்றார்.

காற்று நிரப்பும் இடங்களில் எல்லா வண்டிக்கும் ஒரே அளவைப் பிடித்துவிட்டு அனுப்புவது நம் ஊர் வழக்கம். நாமும் கேட்பதில்லை. உயரமான பக்கச்சுவர் உள்ள டயருக்கு அது ஓரளவு தாங்கும். ஸ்போர்ட்ஸ் காரின் பக்கச்சுவர் குட்டையான டயரில் எட்டு பிஎஸ்ஐ கூடுதலாக இருந்தால் மரச்சக்கரத்தில் உட்கார்ந்த மாதிரிதான்.

சொந்தமாக ஒரு காற்றுமானி வாங்கிக்கொள்ளுங்கள். வண்டி ஓடாமல் மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் பாருங்கள். வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். நம் ஊர் மதிய வெயிலில் நின்ற டயரை அளந்து, அதிகம் என்று இறக்கிவிட்டால் காலையில் குறைந்துபோய் நிற்கும். கதவுப் பட்டையில் உள்ள அளவுதான் தொடக்கம். மென்மைக்காக அதற்கும் கீழே இறக்க வேண்டாம். டயர் சூடாகும், பள்ளத்தில் ரிம் நேராக அடிவாங்கும். எனக்குத் தெரிந்து இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் வேலை காரில் வேறு இல்லை. இதைச் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். பலருக்கு இங்கேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

டயர்

டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3214 என்றால் 2014-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்தது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் அதிகம் ஓடாமல் வீட்டில் நிற்பவை. அதனால் பட்டன் (தரையைத் தொடும் வரிகள்) தேயாமல் ரப்பர் மட்டும் காய்ந்துவிடும். பார்ப்பதற்குப் புதிது போலிருக்கும், நகத்தால் அழுத்தினால் கல். ஆறு ஆண்டு தாண்டிய டயரை ஆண்டுக்கு ஒருமுறை காட்டிப் பார்க்க வேண்டும். பத்து ஆண்டு ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிட வேண்டும்.

அடுத்து அளவு. என் காரில் முந்தைய உரிமையாளர் அழகுக்காக 18 அங்குல ரிம் போட்டிருந்தார், 225/40 டயரோடு. 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 40 என்பது அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு பக்கச்சுவரின் உயரம் என்பது. ஆக 90 மில்லிமீட்டர் ரப்பர். இதையே 17 அங்குல ரிம்மும் 225/45 டயருமாக மாற்றினால் 101 மில்லிமீட்டர். 16 அங்குலமும் 225/50-உம் என்றால் 112. மூன்றிலும் சக்கரத்தின் மொத்த விட்டம் 630 மில்லிமீட்டரை ஒட்டியே வரும். வேகமானி பொய் சொல்லாது. சாலைக்கும் உங்கள் முதுகுக்கும் நடுவே கூடுதலாக இரண்டு சென்டிமீட்டர் காற்று மெத்தை கிடைக்கிறது, சக்கரத்தின் எடையும் பெரும்பாலும் குறைகிறது. பார்க்கிறவர்களுக்கு 18 அங்குலம் அழகுதான். உட்கார்ந்து ஓட்டுவது அவர்கள் இல்லை.

ரிம்மைச் சிறிதாக்கும் முன், பிரேக் காலிப்பர் (பிரேக்கின் கவ்வி) அதற்குள் அடங்குமா என்று ஒரு ரிம்மை மாட்டிப் பாருங்கள். உங்கள் மாடலுக்குத் தயாரிப்பாளரே அனுமதித்த அளவுகளுக்குள் நில்லுங்கள். டயரின் சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் அசலுக்குக் குறையக் கூடாது. வண்டியின் அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. காப்பீட்டுக்காரரும் விபத்துக்குப் பிறகு இதைத்தான் முதலில் பார்ப்பார்.

சில கார்களில் ரன்ஃபிளாட் டயர் இருக்கும். பஞ்சரானாலும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தூரம் ஓடுவதற்காகப் பக்கச்சுவரைத் தடிமனாகச் செய்திருப்பார்கள். அந்தத் தடிமன்தான் நம்மை உதைக்கிறது. சாதாரண டயருக்கு மாறினால் கார் வேறு காராகிவிடும். ஆனால் அந்தக் கார்களில் உபரிச் சக்கரம் வைக்க இடமே இருக்காது. எனவே டியூப்லெஸ் பஞ்சர் ஒட்டும் பெட்டியும், சிகரெட் லைட்டரில் மாட்டும் காற்றடிக்கும் கருவியும் டிக்கியில் நிரந்தரமாக இருக்க வேண்டும். மணலியில் இரவு பதினொரு மணிக்கு டேங்கர் லாரிகளுக்கு நடுவே இதைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

டயரைப் பற்றிப் பேசும்போது ஒரு விஷயம். எம்ஆர்எஃப் 1946-இல் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத்தான் தொடங்கப்பட்டது. அசோக் லேலண்டு எண்ணூரில், என்ஃபீல்டு திருவொற்றியூரில். வண்டியும் ரப்பரும் எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. சாலைதான் இன்னும் பழகவில்லை.

அடியில் இருக்கும் ரப்பர்

இனி காரைத் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு வைத்த பிறகுதான் தலையை உள்ளே விட வேண்டும். முடிந்தால் ராம்ப் உள்ள பட்டறைக்குப் போங்கள்.

சக்கரத்தையும் காரின் உடலையும் இணைக்கும் ஒவ்வொரு இரும்புக் கையின் (ஆர்ம்) முனையிலும் ஒரு புஷ் உண்டு: இரும்பு உருளைக்குள் ரப்பர், ரப்பருக்குள் இரும்புக் குழாய். சாலையின் சின்னச் சின்ன அதிர்வுகளை விழுங்குவது இவைதான். பதினைந்து, இருபது ஆண்டில் ரப்பர் வெடித்து, இரும்பும் இரும்பும் தொட்டுக்கொள்ளும். டார்ச் அடித்து, கடப்பாரை போன்ற நீண்ட கம்பியால் லோயர் ஆர்மை, அதாவது கீழே உள்ள கையை, மெல்ல நெம்புங்கள். ரப்பரில் பிளவு வாய் திறந்தாலோ, ஆர்ம் தாராளமாக நகர்ந்தாலோ மாற்ற வேண்டியதுதான். சில புஷ்களுக்குள் திரவம் இருக்கும். வெளியே கருப்பாக வழிந்த கறை தெரிந்தால் அது செத்துவிட்டது. லிங்க் ராடையும் கையால் ஆட்டிப் பாருங்கள். மலிவான பொருள், ஆனால் கார் முழுவதும் உடைந்துவிட்டது போல் சத்தம் எழுப்பும்.

மாற்றும்போது ரப்பர் புஷ்ஷையே போடுங்கள். பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும் என்பார்கள். உழைக்கும், ஆனால் அது கெட்டி, சில நாளில் கிரீச்சிடவும் தொடங்கும். பந்தயத்துக்குப் போகிறவர்களுக்கு அது சரி. அப்பா தலைமுறை சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லும். அந்தக் கதை கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பந்தயக் காரின் உதிரிகள் மீது ஓர் ஆசை இருக்கும், எனக்கும் உண்டு. ஆனால் நாம் ஓட்டுவது வியாசர்பாடியில்.

இப்போது சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். என் ஷாக் செலவு பாதி வீணானதற்குக் காரணம் இதுதான். புஷ்ஷின் நடுவில் ஓடும் போல்ட்டை, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கக் கூடாது. கார் தூக்கிய நிலையில் ஆர்ம் கீழே தொங்கும். அந்தக் கோணத்தில் இறுக்கினால் ரப்பர் அங்கேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் ஆர்ம் மேலே வர, ரப்பர் முறுக்கிக்கொண்டு ஒரு கூடுதல் ஸ்பிரிங் போல எதிர்த்து நிற்கும். பயணம் கெட்டியாகும், புதுப் புஷ் சில மாதங்களில் கிழியும். என் காரில் முதல் பட்டறையில் அப்படித்தான் இறுக்கியிருந்தார்கள். கொருக்குப்பேட்டை மெக்கானிக் எல்லா போல்ட்டையும் தளர்த்தினார். இன்னொரு ஜாக்கியை லோயர் ஆர்முக்கு அடியில் கொடுத்து, சக்கரத்தின் மையத்துக்கும் ஃபெண்டரின் விளிம்புக்கும் இடையே நூல் பிடித்து, தரையில் நிற்கும்போது இருந்த உயரம் வரும்வரை ஏற்றினார். அதன் பிறகே இறுக்கினார். ஒரு பொருள்கூட வாங்காமல் கார் மென்மையானதை அன்று பார்த்தேன். உங்கள் பட்டறையில் வேலை தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்கிற மெக்கானிக் என்றால் வேறு பட்டறை பாருங்கள்.

ஷாக், ஸ்பிரிங், முட்டுக்கட்டை

காரின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பது பழைய முறை. ஸ்போர்ட்ஸ் காரில் அது ஏமாற்றும். ஸ்பிரிங் கெட்டியாக இருப்பதால் கையால் அமுக்கவே முடியாது. ஷாக்கின் உடலைப் பாருங்கள். லேசான ஈரப்பூச்சு இருந்தால் பயமில்லை. எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருந்தால் முடிந்தது. மாற்றினால் முன் இரண்டும் சேர்த்து, அல்லது பின் இரண்டும் சேர்த்து. மேல் மவுண்டையும் அதோடு புதிதாகப் போட்டுவிடுங்கள். அதற்காகத் தனியே மறுபடி கூலி கொடுக்க வேண்டியதில்லை. புதுப்பேட்டைப் பழைய உதிரிக் கடைகளில் கதவுக் கைப்பிடி, விளக்கு, கண்ணாடி எல்லாம் பழையதாக வாங்கலாம், நானும் வாங்கியிருக்கிறேன். ஷாக்கும் ரப்பரும் மட்டும் பழையது வேண்டாம். மின்னணுக் கட்டுப்பாட்டு ஷாக் உள்ள கார் என்றால் சாதாரண ஷாக் போட்டதும் எச்சரிக்கை விளக்கு எரியும், முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒரு பொருள் பம்ப் ஸ்டாப். ஷாக்கின் தண்டைச் சுற்றி நுரைபோல ஒரு ரப்பர் முட்டு இருக்கும். சஸ்பென்ஷன் கடைசிவரை அமுங்கும்போது இரும்போடு இரும்பு மோதாமல் காப்பது அது. வயதானால் பிஸ்கட் போல உதிரும். என் காரைத் திறந்தபோது ஒரு பக்கம் முட்டே இல்லை, கருப்புத் தூள்தான் இருந்தது. அம்மாவின் இடுப்பைப் பிடித்தது எது என்று அன்று தெரிந்தது.

முந்தைய உரிமையாளர் காரைத் தாழ்த்தியிருந்தாரா என்றும் பாருங்கள். ஸ்பிரிங்கின் நிறம் மாறியிருந்தாலோ, கம்பியில் வேறு நிறுவனத்தின் பெயர் இருந்தாலோ, ஃபெண்டருக்கும் டயருக்கும் இடையே ஒரு விரல்கூட நுழையாவிட்டாலோ தாழ்த்தியிருக்கிறார்கள். மூன்று சென்டிமீட்டர் தாழ்த்தினால் அந்த மூன்று சென்டிமீட்டர் அசைவு பறிபோகிறது. கார் பெரும்பாலும் பம்ப் ஸ்டாப்பின் மேலேயே உட்கார்ந்து ஓடும். அசல் ஸ்பிரிங்குக்குத் திரும்புவதே ஒரே வழி. ஸ்பிரிங்கை அறுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். சுருள் குறையக் குறைய ஸ்பிரிங் கெட்டியாகும்.

இதற்கு நேர் எதிரான ஒரு வைத்தியமும் நம் ஊரில் உண்டு. வேகத்தடையில் அடி தட்டுகிறது என்றால் ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு நடுவே ஒரு ரப்பர் பஃபரைச் செருகிவிடுவார்கள். உயரம் கிடைக்கும், செலவும் குறைவு. ஆனால் செருகிய இடத்தில் சுருள் வேலை செய்யாது, மிச்சச் சுருள்கள் முழுச் சுமையையும் தாங்கும். கெட்டித்தனம் கூடத்தான் செய்யும். சொகுசு வேண்டுமென்று வந்தவர் இதைப் போட்டுக்கொள்வது தலைவலிக்குத் தலையில் குட்டிக்கொள்வது போல.

கெட்டித்தனத்தைக் கூட்டிக் குறைக்க ஷாக்கில் திருகு வைத்த வகை உங்களிடம் இருந்தால் முதலில் முழுவதும் இறுக்கி, அங்கிருந்து எத்தனை கிளிக் தளர்த்துகிறீர்கள் என்று எண்ணி எழுதுங்கள். இடமும் வலமும் ஒரே எண்ணிக்கையாக இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டு கிளிக் மட்டும் தளர்த்தி, அதே சோதனைச் சாலையில் ஓட்டுங்கள். மேட்டைத் தாண்டி ஆடத் தொடங்கினால் இரண்டு கிளிக் திரும்பி வாருங்கள். ஸ்பிரிங்கை வீட்டில் கழற்ற மட்டும் முயலாதீர்கள். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் கை போய்விடும்.

இவை முடிந்ததும் நான்கு சக்கர அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது), வீல் பேலன்ஸ். ரிம்மைச் சுழலவிட்டு நெளிவு பார்க்கச் சொல்லுங்கள்.

இருக்கை

வேலைகளில் இதைக் கடைசியாக எழுதுகிறேன். ஆனால் உடம்பு தொடுவது இதைத்தான். இருபது ஆண்டில் இருக்கையின் நுரை நொறுங்கித் தட்டையாகி, இரும்புச் சட்டத்தின் மேல் உட்காருகிறோம். ஜி.பி. சாலையிலோ, உங்கள் பகுதியிலோ இருக்கை தைப்பவரிடம் உறையைக் கழற்றி உள்நுரையை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். விரலால் அழுத்தினால் உடனே புதைகிற மெத்தை நுரை வேண்டாம். கடைக்காரரிடம் நாளெல்லாம் உட்கார்ந்தாலும் அமுங்கிப்போகாத அடர்த்தியான நுரை கேளுங்கள். இருக்கையின் பக்கத்தில் காற்றுப்பை இருந்தால் தைத்த உறை எதுவும் மேலே போடக் கூடாது. அந்தப் பக்கத் தையலைத் தொடவும் கூடாது. நுரை மாற்றியதில் எனக்கு இருக்கை இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்தது. அம்மாவின் புகார் இப்போது குலுக்கலைப் பற்றியதல்ல. இறங்கும்போது கை கொடுக்க ஆள் வேண்டும் என்கிறார்.

உப்பும் மேடும்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று சும்மா விடாது. ஸ்பிரிங்கின் அடித்தட்டில் மணலும் உப்பும் தங்கித் துருப்பிடித்து, ஒரு நாள் ஸ்பிரிங்கே உடையும். மாதம் இரண்டு முறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். மழையில் சுரங்கப்பாதைத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தால் சில வாரம் கழித்து வீல் பேரிங்கின் ரீங்காரத்தைக் கேளுங்கள்.

வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். அது மெல்ல ஏறி இறங்கும் வளைவு. தெருவில் நாம் பார்ப்பது ஒரு முழ அகலத்தில் அதே உயரம். அங்கே எந்தச் சஸ்பென்ஷனும் காப்பாற்றாது. பிரேக்கை அழுத்திக்கொண்டே ஏறாதீர்கள். பிரேக்கில் மூக்கு தாழ்ந்து, அமுங்க மிச்சமிருக்கும் இடமும் போய்விடும். முன்பே வேகத்தைக் குறைத்து, மேட்டுக்குச் சற்று முன் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

வேலை முடிந்து 500 கிலோமீட்டர் ஓடியதும் பட்டறைக்கு ஒருமுறை திரும்பிப் போய், கழற்றி மாட்டிய போல்ட்டுகளின் இறுக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். புது ஸ்பிரிங் போட்டிருந்தால் அதற்குள் படிந்திருக்கும். உயரம் சற்றுக் குறைந்திருக்கும். அலைன்மென்டையும் அன்றே மறுபடி பார்த்துவிடலாம்.